ஆற்றுத் தண்ணீருக்கு எந்த பில்டர்?

வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. விற்பனையாளர் பைக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். பிளாஸ்டிக் மூடி, அதிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கம்பிகள், பின்னால் ஒரு வயர். நம்மிடமே இரண்டு கண்ணாடித் தம்ளர் வாங்கி, ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றுவார். கம்பிகளை இறக்கி, பிளக்கைச் சொருகுவார். ஒன்றிரண்டு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பச்சை ஓடிய மஞ்சளாகும், பிறகு துருவின் நிறத்துக்கு வரும், மேலே திப்பிதிப்பியாக நுரை மிதக்கும். பக்கத்துத் தம்ளரில் ஒரு மாற்றமும் இருக்காது. “பாத்தீங்களாக்கா, இதைத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கீங்க” என்பார். பல வீடுகளில் முன்பணம் அந்த இடத்திலேயே கைமாறிவிடுகிறது.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே கிடையாது. கம்பிகளில் பாதி இரும்பு, பாதி அலுமினியம். உப்புகள் கரைந்திருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் பச்சையும் பழுப்பும் அந்தக் கம்பியின் துரு. வெள்ளைத் திப்பி அலுமினியத்தினுடையது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அடுத்த முறை யாராவது இதைச் செய்து காட்டினால், அவருடைய ஆர்.ஓ. தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடை நிறத்துக்கு வரும். சமையல் உப்பு விஷமா என்று அப்போது அவரிடமே கேட்கலாம்.

தண்ணீர் பில்டரைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதை முதலில் சொல்லக் காரணம், இந்த வட்டாரத்தில் பில்டர் வாங்கும் முடிவுகளில் பெரும்பாலானவை பயத்தில் எடுக்கப்படுகின்றன என்பதுதான். எந்தத் தண்ணீருக்கு எந்தக் குறை என்று தெரியாமல், கிடைப்பதிலேயே பெரிய கருவியை வாங்கி மாட்டிவிடுகிறோம். தாமிரபரணிக் கரையில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் ஆர்.ஓ. எதை நீக்குவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த உப்பு இந்த ஆற்றில் மிகக் குறைவு.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் தண்ணீர் பெறும் ஆறு. அது இறங்கிவரும் மலை, லேசில் கரையாத கடினமான பழம்பாறை. மழைநீர் அந்தப் பாறைமேல் விழுந்து, காட்டு மண்ணில் ஊறி, பாபநாசத்துக்கு வந்து சேரும்போது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு சொற்பம். சோப்பு நுரை பொங்கும், பருப்பு சீக்கிரம் வேகும், குளித்தால் முடி பிசுபிசுக்காது. அல்வாவின் ருசிக்கும் ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று நெல்லையில் எல்லோரும் சொல்வார்கள். அல்வாவைப் பற்றி வேதியியல் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் தண்ணீர் மென்மையானது என்பதில் சந்தேகமே இல்லை.

அதே ஊரில் ஆற்றை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி போர் போட்டால் கதை மாறிவிடும். தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை 1949-இல் அங்கே, சங்கர் நகரில் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லின் மேலும் இடுக்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கிடக்கும் நிலத்தடி நீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். குக்கரின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவதும், ஹீட்டர் காயில் கல்லாகிப் போவதும், டீயின் மேல் எண்ணெய் போல ஏடு கட்டுவதும் இதனால்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கமும் திருச்செந்தூர்க் கடற்கரைப் பக்கமும் போனால் கடினத்தன்மையோடு உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று நம் வீட்டுப் பெண்கள் இரண்டு குடமாகப் பிரித்து வைத்தார்களே, அந்தப் பிரிவினைதான் பில்டர் வாங்குவதற்கும் முதல் பாடம்.

கடைக்காரர்கள் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டுவார்கள். பேனா அளவில் இருக்கும் அந்தக் கருவி, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பின் மொத்த அளவைக் கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு அதுமட்டும்தான் தெரியும். சாக்கடை ஒரு சொட்டுக் கலந்த ஆற்றுத் தண்ணீரில் வைத்தாலும் அழகான சின்ன எண்ணைக் காட்டும். அதில் வயிற்றுப்போக்குக் கிருமி ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வைத்திருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், 500-க்குக் கீழ் இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கருவி தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் எப்படிப் போனாலும் அறிவியல் காரணம் நேரானது: வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் விடுகிறது. பொதிகையிலிருந்து இறங்கிவந்த மென்மையான தண்ணீரை, இல்லாத உப்பை எடுப்பதற்காக, மூன்றில் இரண்டு பங்கு சாக்கடைக்கு அனுப்புவதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அப்படியானால் மின்சாரம் வேண்டாத, குழாய் இணைப்பு வேண்டாத பில்டர் ஜக் வாங்கலாமா? இப்போது ஆன்லைனில் வாங்கிப் பலரும் சாப்பாட்டு மேசையில் வைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் உண்டு. இதன் மூலம் ஜெர்மனி. ஹைன்ஸ் ஹன்காமர் என்பவர் 1966-இல் தொடங்கிய பிரிட்டா நிறுவனம் வீட்டு ஜக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மேல் பாதியில் தண்ணீர் ஊற்றினால், நடுவில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் வழியாக இறங்கிக் கீழ்ப்பாதியில் சேரும். அந்தக் கார்ட்ரிட்ஜ்தான் எல்லாம். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் பாத்திரம்.

தேய்ந்துபோன கார்ட்ரிட்ஜ் ஒன்றை ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பொருள் கலந்திருப்பது தெரியும். ஒன்று, கறுப்பு நொறுங்கல். கையில் எடுத்தால் கரி ஒட்டும். இன்னொன்று, ஜவ்வரிசியைவிடப் பொடியான வெளிர்நிற உருண்டைகள். கறுப்பு நொறுங்கல் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வந்தது. சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்கும் நீராவியில் வாட்டினால், அதனுள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் திறக்கும். இதுதான் கிளர்வூட்டிய கரி. ஒரே ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கர். இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று தென்னை விளையும் நாடுகள்தான் உலகத்துக்கு இந்தக் கரியை அனுப்புகின்றன. நம் தோப்பில் உரித்துப் போட்ட சிரட்டை ஐரோப்பாவுக்குப் போய், கார்ட்ரிட்ஜாகி, விமானம் ஏறித் திரும்பி வருவது நடக்காத காரியமில்லை.

கரி என்ன செய்கிறது? பூச்சிமருந்து, மண் வாடை தரும் சேர்மங்கள் போன்ற கரிமப் பொருள்களைத் துளைச் சுவரில் ஒட்டவைத்துக்கொள்கிறது. குளோரினோடு அது வேதிவினையே புரிகிறது: குளோரினைச் சாதாரண குளோரைடாக மாற்றிவிடுகிறது. அதனால் ‘மருந்து வாடை’ போய்விடுகிறது. பொடி உருண்டைகள் அயனிப் பரிமாற்றப் பிசின். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடுகின்றன; பாத்திரத்தில் படியும் வகைக் கடினத்தன்மை குறைகிறது, டீயின் மேல் ஏடு கட்டுவது நிற்கிறது. ஈயம், செம்பு போன்ற உலோகங்களையும் ஓரளவு பிடிக்கின்றன. பழைய ஈயக் குழாய்கள் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கும் அமெரிக்க நகரங்களில் இந்த ஜக்குகளுக்கு இருக்கும் மதிப்பு அதனால் வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 2014-க்குப் பிறகு ஈயம் கலந்த தண்ணீர் வந்தபோது வீடுவீடாக பில்டர் கொடுத்தார்கள். நம் தெருக்களில் ஓடுவது இரும்பும் பி.வி.சி.யும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஜக் எதைச் செய்யாது என்பதைப் பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்: நுண்ணுயிர் அளவில் ஏற்கனவே பாதுகாப்பான தண்ணீருக்கு மட்டும் பயன்படுத்தவும். சாதாரணக் கரி ஜக் பாக்டீரியாவைக் கொல்லாது, தடுக்காது. அது பிறந்த ஊரில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு, கிருமியில்லாமல் குழாயில் தண்ணீர் வரும். அங்கே ருசிக்காக வைக்கப்படும் சாமான் அது.

நம் வீடுகளில் தண்ணீர் எப்படி வருகிறது? ஒரு நாளில் சில மணி நேரம், சில பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். வந்த தண்ணீர் தரைத்தொட்டியில் இறங்கி, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறி, வெயிலில் காய்ந்து, அப்புறம்தான் சமையலறைக்கு வருகிறது. மாநகராட்சி போட்ட குளோரின் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே நெல்லை வீட்டில் கரி ஜக் வைத்தால், தண்ணீரில் இல்லாத குளோரினை அது நீக்குகிறது, இருக்கக்கூடிய கிருமியை விட்டுவிடுகிறது. நேரடிக் குழாயில் குளோரின் மிச்சம் இருந்தால் இன்னொரு சிக்கல்: அந்தப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டு, காவலில்லாத தண்ணீரை அறை வெப்பத்தில் மேசைமேல் வைக்கிறது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் 1996-இல் வெளியான ஆய்வொன்றில், வீடுகளில் பயன்பாட்டில் இருந்த 34 ஜக் பில்டர்களில் 24-இல் வடிகட்டிய தண்ணீரில் பாக்டீரியா எண்ணிக்கை கூடியிருந்தது. அது குளிர் நாடு. சித்திரை மாதம் நாற்பது டிகிரியைத் தொடும் பாளையங்கோட்டையில் நிலைமை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜில் வெள்ளி பூசியிருக்கிறோம் என்று போட்டிருப்பது உண்மைதான். அந்த வெள்ளி கரிக்குள் கிருமி பெருகுவதைக் கட்டுப்படுத்தத்தான், தண்ணீரைச் சுத்திகரிக்க இல்லை.

குளோரின் வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மருந்து போட்ட தண்ணி’ என்று முகம் சுளித்து முதல் குடத்தைக் கீழே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். அந்த லேசான வாடை வந்தால் தண்ணீர் காவலோடு வந்திருக்கிறது என்று பொருள். வாய் அகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணி மூடிக் கொஞ்ச நேரம் வைத்தால் தானே குறைந்துவிடும்.

ஜக் வாங்கியே தீருவது என்றால் கார்ட்ரிட்ஜ் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ‘150 லிட்டர் அல்லது இரண்டு மாதம்’ என்று ஒரு கார்ட்ரிட்ஜில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 60 நாளால் வகுத்தால் நாளுக்கு இரண்டரை லிட்டர்தான் வருகிறது. நாலு பேர் இருக்கும் நம் வீட்டில் குடிக்க மட்டுமே எட்டு, பத்து லிட்டர் ஆகும். அந்தக் கார்ட்ரிட்ஜ் பதினைந்து, பதினெட்டு நாளில் முடிந்துவிடும். இரண்டு மாதம் என்பது குறைவாகக் குடிக்கும் சின்னக் குடும்பத்துக்கு எழுதப்பட்ட காலம். கார்ட்ரிட்ஜ் விலையை லிட்டரால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜக்கின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாற்றுக் கார்ட்ரிட்ஜ் உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா என்பதும் ஜக் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டியது. பெட்டியில் என்.எஸ்.எஃப். 42 என்று இருந்தால் ருசி, வாடை, குளோரினுக்குச் சோதிக்கப்பட்டது. 53 என்று இருந்தால் ஈயம் போன்ற உடல்நலக் கேடான பொருள்களில் எவற்றை நீக்குகிறது என்று பட்டியல் இருக்கும். எண் எதுவும் இல்லாமல் ‘99.9 சதவீதம் தூய்மை’ என்று மட்டும் இருந்தால் எதில் 99.9 என்று கேட்க வேண்டும்.

தீர்ந்த கார்ட்ரிட்ஜை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கன எண்ணம் நல்லது, ஆனால் இது பலிக்காது. நிறைந்த துளைகளைத் திறக்க மறுபடி எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி நீராவி வேண்டும். வெயில் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதோடு சரி. புதுக் கார்ட்ரிட்ஜை நனைத்து, முதல் ஒன்றிரண்டு ஜக் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். வடிகட்டியதை அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது ஜக்கை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாடை வந்தால் கார்ட்ரிட்ஜையே மாற்றிவிடுவது நல்லது.

“அண்ணாச்சி, இதைப் போட்டா போர் தண்ணி உப்பு போயிருமா?” என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் நேர்மையாகச் சொல்ல வேண்டிய பதில், போகாது என்பதுதான். கடினத்தன்மையைக் குறைக்கும் பிசின் நம் போர் தண்ணீரில் சீக்கிரமே நிரம்பிவிடும். சோடியமும் குளோரைடும் அதன் கைக்கு அகப்படாது. கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. படியும் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் குறையும். உவர்ப்பு மிகுந்த போரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. நியாயமான தேவை. அவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கு வேண்டியது இரண்டே காரியம்: கலங்கலை நீக்குவது, கிருமியை ஒழிப்பது. இதற்கு எளிய வழிகள் நம் நாட்டிலேயே உருவாகியிருக்கின்றன. இந்துஸ்தான் யூனிலீவர் கொண்டுவந்த பியூரிட் 2000-களின் நடுவில் முதலில் சென்னையில்தான் விற்பனைக்கு வந்தது. மின்சாரம் கிடையாது; குளோரின் வில்லை கிருமியைக் கொன்று, அடுத்த அடுக்குக் கரி அந்தக் குளோரினை எடுத்துவிடும்; 1500 லிட்டர் ஆனதும் தண்ணீர் தானே நின்றுவிடும். அந்தத் தானே நிற்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது, கார்ட்ரிட்ஜை மாற்ற மறப்பது மனித இயல்பு என்பதால். 2009 டிசம்பரில் வந்த டாடா ஸ்வச், உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகளைச் சேர்த்த வகை. இப்போது கிடைக்கும் யு.எஃப். சவ்வு பில்டர்களில் 0.1 மைக்ரானுக்கும் குறைவான துளை. ஒரு மைக்ரான் பக்கம் இருக்கும் பாக்டீரியா நுழையாது, உப்பு கழிவில்லாமல் கடந்துபோகும். சின்ன வைரஸ்கள் மட்டும் தப்பலாம். யு.வி. விளக்கு வைரஸையும் அழிக்கும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், விளக்கை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். நம் பாட்டி வீட்டு எவர்சில்வர் கேண்டில் பில்டரும் கலங்கலுக்கு இன்றும் நல்ல கருவிதான். கேண்டிலை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல் விட்டால் தூக்கிப் போட்டுவிட்டு, வடித்ததைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரில் நோய்க்கிருமி எதுவும் பிழைப்பதில்லை.

வீட்டுப் பழக்கங்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பங்களாதேஷில் ரீட்டா கோல்வெல் குழுவினர், பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடித்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்ததை 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி ஒட்டியிருக்கும் மிதவை உயிரிகள் துணியில் சிக்கிவிடுகின்றன. குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைப் படியவைத்தது நம்மவர் கைமுறை. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததை பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்துக் காட்டினார்கள். ராத்திரி ஊற்றி வைத்து மறுநாள் குடிப்பவருக்கு இது பயன்படும். அவ்வப்போது நிரப்பி உடனே குடித்தால் பயனில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமக்கு இருக்கும் மிகப் பெரிய பில்டரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அது ஆற்று மணல். கொண்டாநகரம், குறுக்குத்துறை என்று ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கித்தான் திருநெல்வேலிக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். ஆறு நேராகக் கிணற்றுக்குள் விழுவதில்லை. மணல் வழியாக ஊறி வருகிறது. மணல் பரப்பின் மேலும் துகள்களின் மேலும் வாழும் நுண்ணுயிர்கள், தண்ணீரோடு வரும் அழுக்கையும் நோய்க்கிருமியையும் தின்று தீர்க்கின்றன. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றங்கரையில் இதே முறையில் குடிநீர் எடுக்கிறது. 1892-இல் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் கொடுத்த ஹாம்பர்க்கில் காலரா வந்து 8600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒட்டி இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு அதே ஆற்றில் தண்ணீர் எடுத்தும், மணலில் வடித்துக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பியது. தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க் குழாய், மறுபக்கம் அல்டோனா குழாய் என்ற இடங்களில் காலரா தெருவைத் தாண்டவில்லை.

அந்த மணலைத்தான் நாம் லாரி லாரியாக அள்ளினோம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, தானே வாதாடி, 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை பெற்றார். மணல் கொள்ளை என்றால் நமக்கு ஆறு ஆழமாவது தெரிகிறது, பாலம் ஆட்டம் காண்பது தெரிகிறது. நகரத்துக் குடிநீர் பில்டரையே அள்ளிக் கொண்டுபோகிறார்கள் என்பது இன்னும் பலருக்குப் படவில்லை. இன்னொரு பக்கம், பாபநாசத்திலிருந்து நெல்லை வரை ஊர்களின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் வீட்டுக்காரரின் பயத்துக்கு இதுதான் வேர். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு ஆர்.ஓ. வாங்கிவிட்டு ஆற்றை மறப்பதுதான் எனக்கு வருத்தம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்கு, ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்துதான் 2013-இல் வழி பிறந்தது. அவர்கள் தேடி அடைந்த ஆற்றுத் தண்ணீர் நம் வாசலில் ஓடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஆற்றோரக் குடிநீர் ஏற்பாடுகள் சேதமாயின, கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் ஆர்.ஓ.வும் யு.வி.யும் சுவரில் தொங்கும் பெட்டிகள். செம்மண் கரைசலாக இருக்கும் தண்ணீரைக் கரி ஜக்கில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் உதவக்கூடியவை துணி, கேண்டில், அடுப்பு, குளோரின் மாத்திரை. தண்ணீரைத் தெளியவைத்து, துணியில் வடித்து, அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பில்டர் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். எச்2எஸ் குப்பி என்று ஒன்று உண்டு. மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982-இல் உலகுக்குச் சொன்ன முறை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கோடு வரை உங்கள் சமையலறைத் தண்ணீரை ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் அலமாரியில் வைக்க வேண்டும். மலக்கழிவு கலந்த தண்ணீரானால் குப்பிக்குள் கறுத்துவிடும். நிறம் மாறாவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். உப்பு, கடினத்தன்மை, ஃபுளூரைடு, நைட்ரேட் அறிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. பொதுமக்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சுத்தமான பாட்டிலில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு பிடியுங்கள். போர் தண்ணீருக்கு ஒரு சோதனை, ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு சோதனை. முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாடித் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு அட்டை குளோரின் மாத்திரை வாங்கி, காலாவதித் தேதி பார்த்து, சமையலறையில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல், வைத்துவிடுங்கள்.